வளர்த்த ஜீவனின் கடைசி நாட்களும் அஹிம்சையும்

சங்க மலருக்கு ஆண்டுதோறும் நான் எழுதிக் கொடுப்பது கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய ஏடு என்றே இருக்கும். இந்த முறை மலர்க்குழு நண்பர்கள், "ஐயா, குடும்பத்தோட உக்காந்து படிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள். ஆகவே ஒரு நாயைப் பற்றி எழுதத் துணிகிறேன். சாஸ்திரமும் நடுவில் வரும். அது இல்லாமல் எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளவும்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் நாய்க்கு வயதாவதை யாரும் கவனித்ததாக நினைவில்லை. திண்ணையில் கிடக்கும். ஒரு நாள் களத்துமேட்டுப் பக்கம் போய்விடும், திரும்பி வராது. "எங்கேயோ போயிடுச்சி" என்பதோடு விஷயம் முடிந்தது. இங்கே அகமதாபாத்தில் அப்படி இல்லை. மூன்றாவது மாடி ஃபிளாட்டில், டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே, நம் காலடியிலேயே கிடந்து அது முடிய வேண்டியிருக்கிறது. என்ன செய்வது என்று சொல்லித்தரப் பெரியவர்களும் பக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது நாயும் பூனையும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்கின்றன. ஆகவே இது பலருக்கும் வரக்கூடிய சோதனைதான்.

எங்கள் மோத்தி 2009 மழைக்காலத்தில் வந்தது. மணிநகரில் எங்கள் சொசைட்டி வாட்ச்மேன் ஈரக் கோணிப்பையில் சுற்றி எடுத்து வந்த தெருநாய்க்குட்டி. பெயரும் அவர் வைத்ததே. பதினாலு வருஷம் எங்கள் வீட்டுத் தயிர்சாதமும் ரொட்டியும் தின்று வளர்ந்தது. நான் ஜவுளிக் கடையிலிருந்து வரும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால், படியிறங்கி வந்து நிற்கும். 2023 ஏப்ரலில் ஒரு நாள் வரவில்லை. பின்னங்கால் எழும்பவில்லை. கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் குஜராத்தியில் சொன்னார்: "காகா, மூட்டு தேஞ்சு போச்சு, கிட்னியும் வேலை செய்யல. இனி குணமாகாது. நீங்க சரின்னா ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்."

"நான் ஜைனன். அது முடியாது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பத்து நாள் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய பாயில் படுக்க வைத்தேன். கிண்ணத்தில் தண்ணீர், தயிர்சாதம். சாயங்காலம் காதருகே பஞ்ச நமஸ்காரம். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வாங்கினேனே தவிர ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அதன் வினை, அது அனுபவித்துத் தீர்க்கிறது, நடுவில் நாம் புகுவானேன் என்று ஓர் எண்ணம். பத்தாம் நாள் ராத்திரி என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ராவெல்லாம் அது முனகுது. நீங்க மந்திரம் சொல்லிட்டு போய்ப் படுத்துக்கிறீங்க. ஊசியும் போட மாட்டேன், மாத்திரையும் குடுக்க மாட்டேன்னா, இதுக்குப் பேரு என்னாங்க?"

நாற்பது வருஷமாக நூல் படிக்கிறவனுக்குப் பதில் வரவில்லை. மறுநாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன்.

இந்த ஊரில் இந்தக் கேள்வி புதிதல்ல. சபர்மதி ஆற்றைத் தாண்டி அக்கரை போனால் காந்தியடிகளின் ஆசிரமம். 1928இல் அங்கே ஒரு கன்று கால் ஊனமாகி, நோய் முற்றிக் கிடந்தது. புரட்டிப் படுக்க வைத்தாலே துடிக்கும் நிலை. வைத்தியம் பலிக்கவில்லை, இனி வழியில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். காந்தி ஆசிரம நிர்வாகக் குழுவினரோடும் அக்கம்பக்கத்தாரோடும் கலந்து பேசினார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்க உரிமை ஏது என்று எதிர்த்தவரும் உண்டு. எல்லாம் கேட்டபின் ஒரு மருத்துவரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தது. பிறகு அதை மறைக்காமல் தம் பத்திரிகைகளில் அவரே எழுதினார். 'யங் இந்தியா'வில் 1928 அக்டோபரில் அந்தக் கட்டுரை வந்தது. ஊரே கொதித்தது, கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. காந்தியின் வாதம் இதுதான்: அறுவை வைத்தியர் கத்தி வைப்பது இம்சை ஆகாது. அதுபோலச் சுயநலமோ கோபமோ இல்லாமல், வேறு வழியே இல்லாத நிலையில், வேதனையை முடித்ததும் இம்சை ஆகாது.

கொதித்தவர்களையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். குஜராத் பஞ்சராபோல்களின் பூமி. கிழடு, நொண்டி என்று ஒதுக்கப்பட்ட பிராணிகளைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் இடம் பஞ்சராபோல். 1580களில் இந்தியா வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கில வியாபாரி, காம்பே நகரில் ஆடு, நாய், பூனை, பறவைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இருப்பதையும், கிழடானவற்றைச் சாகும்வரை அங்கே வைத்திருப்பதையும் ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார். காம்பே என்பது இங்கிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய கம்பாத்துதான். இவ்வளவு நீண்ட வழக்கம் உள்ள மண்ணில் மகாத்மாவே ஊசி போடச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்!

இனி நம் நூல்கள். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் இரண்டு அங்கம் உண்டு. உயிரைப் பிரிப்பது ஒன்று. அது ராகத் துவேஷத்தோடு, அசட்டையோடு கூடிய மனத்தால் நடப்பது மற்றொன்று. இதை மட்டும் படித்தால் காந்தி சொல்வது சரியென்றே படும். ஆனால் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த அமிர்தசந்திர சூரி, புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதே கேள்வியை நேராகவே எடுத்துப் பேசுகிறார். துன்பப்படும் உயிருக்குச் சீக்கிரம் விடுதலை தருகிறோம் என்ற எண்ணத்தை ஒரு வாளுக்கு ஒப்பிட்டு, அதைக் கையில் எடுக்காதே, துன்புறும் உயிரையும் கொல்லாதே என்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வி இருந்திருக்கிறது பாருங்கள்.

ராகம் எழாதிருப்பதே அஹிம்சை என்று சொல்பவரும் அதே அமிர்தசந்திரர்தான். அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கருணையால் செய்கிறேன் என்பவனுக்குத் தன் மனம் சுத்தம் என்று எப்படித் தெரியும்? பார்க்கச் சகிக்கவில்லை, தூக்கம் கெடுகிறது, அடுத்த வாரம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும், தரை நாறுகிறது. இத்தனையும் 'அது கஷ்டப்படுது' என்ற ஒரே வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளும். இதை எழுதிக்கொண்டு வரும்போதே என் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஊசி வேண்டாம் என்ற என் மனம் சுத்தமா? ஜினாலயத்தில் குஜராத்தி நண்பர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருந்தது. 'நான் விரதி' என்ற மிதப்பும் இருந்தது. அதுவும் ராகம்தானே.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டியிருந்தது. நம்மவர் சிலர், "சாப்பாட்டை நிறுத்திடுங்க, சல்லேகனை மாதிரி அமைதியாப் போயிடும்" என்று யோசனை சொல்கிறார்கள். இது பெரிய தவறு. சல்லேகனை என்பது தீராத நோய், தளர்ந்த முதுமை, பஞ்சம் போன்ற நிலையில் ஒருவர் தாமே அறிந்து, தாமே ஏற்கும் விரதம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறதே, அது அவர் தாமே ஏற்றது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்குச் சமம் என்று தீர்ப்பளித்து, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை கொடுத்தபோது, நம் தரப்பு வாதமெல்லாம் இந்தச் சுய சம்மதத்தின் மேல்தான் நின்றது. மகாவீரர் முற்பிறவியில் சிங்கமாயிருந்து, முனிவர் உபதேசம் கேட்டு ஊனைவிட்டு நோன்பிருந்ததாக ஸ்ரீபுராணம் சொல்கிறதே என்று கேட்கலாம். ஆம், விலங்கும் விரதம் ஏற்கலாம் என்பதே நம் சித்தாந்தம். ஆனால் அந்தச் சிங்கத்தின் முன்னாலிருந்து யாரும் தட்டை எடுத்துவிடவில்லை. அஹிம்சை அணுவிரதத்துக்குச் சொன்ன ஐந்து அதிசாரங்களில், அதாவது மீறல்களில், கட்டுதல், அடித்தல், அங்கம் அறுத்தல், அதிக பாரம் ஏற்றுதல் இவற்றோடு அன்னபானத்தைத் தடுத்தலும் ஒன்று. தானே உண்ணாமல் முகம் திருப்பும் பிராணியின் வாயில் திணிக்கவும் கூடாது, உண்ண வரும் பிராணிக்கு மறுக்கவும் கூடாது.

என் மனைவியின் கேள்விக்கான பதில் கடைசியில் தவங்களின் பட்டியலில் கிடைத்தது. அகத்தவம் ஆறில் தியானத்துக்கும் சுவாத்தியாயத்துக்கும் முன்னால் வருவது வையாவிருத்தியம், நோயுற்றவருக்குச் செய்யும் பணிவிடை. முனிவர்களுக்குச் சொன்னதுதான். ஆனால் இல்லறத்தான் அதை வீட்டு நாய்க்குச் செய்தால் எந்த ஆகமமும் தடுக்காது. தாங்காத வலியில் கிடக்கும் உயிர் ஆர்த்த தியானத்தில், அதாவது துயர நினைவிலேயே மூழ்கும் என்கின்றன நூல்கள். அப்படியானால் வலியைத் தணிப்பது அதன் வினைக்கு நடுவே புகுவது ஆகாது. அதன் கடைசி நினைவுக்குச் செய்யும் உதவி அது. ஊசி வேண்டாம் என்று சொல்கிறவன் சுலபமான வழியை எடுக்கவில்லை, பாரமான வழியை எடுத்திருக்கிறான். ராத்திரி கண் விழிக்க முடியாதென்றால், மருந்துக்குச் செலவழிக்க மனமில்லையென்றால், அவன் அஹிம்சை என்ற சொல்லை எடுக்காமலிருப்பது நல்லது.

பதினோராம் நாளிலிருந்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். சிறுநீரகம் பழுதான நாய்க்கு வழக்கமான வலிமருந்து பல ஆகாது என்பதால் மருத்துவர் வேறு வகை மருந்தைக் குறைந்த அளவில் மாற்றிக் கொடுத்தார். நேரம் தவறாமல் கொடுத்தோம். மனிதர் மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே எமனாகலாம். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாயை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தையும் மேலே ரப்பர் ஷீட்டும் போட்டோம். மூன்று நான்கு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையேல் எலும்பு துருத்தும் இடத்தில் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணி முறை என்னுடையது. ஏப்ரல் மாத அகமதாபாத் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத் துணியால் உதட்டையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே இருந்தோம். தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை மருத்துவரிடம் மகன் கற்றுக்கொண்டான். சாதத்தை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசனைக்கு இரண்டு வாய் தின்றது. டைல்ஸ் தரையில் கால் வழுக்காமலிருக்கக் கோணிப்பையை விரித்தோம். வந்ததும் கோணியில், போனதும் கோணியில்.

மருத்துவர் ஒரு கணக்கையும் கற்றுக்கொடுத்தார். அலீஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் வெளியிட்ட முறை. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. மூச்சுத் திணறலும் வலிக் கணக்கிலேயே சேரும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பத்து என்றால் நல்ல நிலை. கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிப்பதில் அர்த்தம் உண்டு. வியாபாரிக்கு இதைவிட வசதி என்ன? கடை நாள்வழி நோட்டில் ஏழு பத்தி கோடு போட்டு எழுதினேன். முந்தைய பத்து நாளையும் நினைவிலிருந்து எழுதச் சொன்னாள் பேத்தி. வலிப் பத்தியில் வரிசையாக ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் திருப்பிப் பார்ப்பதில்லை. மருந்து மாறிய மூன்றாம் நாள் அது ஆறு ஆனது. சந்தோஷப் பத்தி பேத்தியின் பொறுப்பு. வாலை அசைத்தால் எட்டு போட்டுவிடுவாள். "தாத்தாவுக்கு அஞ்சுதான், எனக்கு எட்டு" என்பாள். பிள்ளைகளிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று பொய் சொல்வதைவிட இப்படி ஒரு பத்தியை ஒப்படைப்பது மேல்.

பக்கத்து வீட்டு நண்பர் பஞ்சராபோலில் விட்டுவிடலாம் என்றார். ஆதரவற்ற மாட்டுக்கு அது பெரிய புகலிடம், மறுக்கவில்லை. வாசற்படியில் பதினாலு வருஷம் படுத்த நாய்க்கு, பழகாத வாசனைகளுக்கு நடுவே கடைசி வாரம் என்பது இன்னொரு தண்டனை.

ஊசியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். என் முடிவு வேறு என்பதற்காக விவரத்தை மறைப்பது நியாயமில்லை. முதலில் மயக்க மருந்து கொடுத்து, பிராணி நன்றாக உறங்கிய பிறகே இரண்டாவது மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். சில நிமிஷங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது. நின்றபின்னும் ஒன்றிரண்டு இழுப்பு வரலாம், சிறுநீர் கழியலாம். அது வலியல்ல. "முதல்ல மயக்கம் குடுப்பீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள பிராணியை முடிக்க 13ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. பட்டினியிலும் தாகத்திலும் வாட விட்டு நியாயமான காரணமின்றிக் கைவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். இச்சட்டத்துக்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1953இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவின் தொடர்ச்சியே இது. பரதத்துக்காக மட்டுமே அவரை நினைக்கிறோம்.

அடக்கம் செய்யும்போது ஆழமாகக் குழி தோண்ட வேண்டும். ஊசி மருந்து உடலிலேயே தங்கும். நாயோ கழுகோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்ததும், 2006இல் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்ததும் நினைவிருக்கலாம்.

மோத்தி இருபத்தாறாம் நாள் விடியற்காலை போயிற்று. முந்தின இரவே பாதம் சில்லிட்டு, ஈறு வெளுத்து, மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. ஊரடங்கிய வேளை. காதருகே பஞ்ச நமஸ்காரம் சொன்னேன். சீவக சிந்தாமணியில், அடிபட்டுச் சாகக் கிடந்த நாய்க்குச் சீவகன் இந்த மந்திரத்தைச் சொல்ல, அது சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறந்து பின்னாளில் சீவகன் உயிரையே காத்ததாகத் திருத்தக்கதேவர் பாடியிருப்பது நீங்கள் அறிந்ததே. சீவகன் அரசகுமாரன், வாள் பழகியவன். அந்த நாயின் துன்பத்தை வாளால் முடிக்கவில்லை, பார்த்துவிட்டு நடந்துபோகவும் இல்லை. மோத்திக்குத் தமிழும் குஜராத்தியும் தெரியும். பிராகிருதம் தெரியுமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குரல் தெரியும். என் மனைவி அதன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு புனேயிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். அவள் வீட்டு லாப்ரடாருக்குக் காலில் எலும்புப் புற்று. எலும்பு உள்ளேயே முறிந்துவிட்டது. வலிமருந்து ஏறவில்லை. "அப்பா, நாளைக்குக் காலையில டாக்டர் வர்றார். நீங்க வேணாம்னா நிறுத்திடறேன்."

ஏழு பத்தியையும் படிக்கச் சொன்னேன். கூட்டினால் ஒன்பது வந்தது. மருந்தெல்லாம் மாற்றிப் பார்த்தாயா என்றேன். மூன்று தரம் மாற்றியிருந்தாள். ஒரு மாதமாக ராத்திரி கண் விழித்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. "முதல்ல மயக்க ஊசி போடச் சொல்லும்மா. அது தூங்கறதுக்கு முன்னாடி ஃபோனை அதன் காதுகிட்ட வை" என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு அழைத்தாள். மருத்துவர் அந்தப் பக்கம் காத்திருந்தார். முப்பத்தைந்து எழுத்து. நிதானமாகச் சொன்னேன். மூன்றாம் முறை பாதியில் மகள், "தூங்கிடுச்சிப்பா" என்றாள்.